"ரிட்டார்ட்"னு கூப்பிட்டா லீவர யாரு இழுக்கணும்? வீட்டு சிமுலேட்டர்ல ஏர்பஸ் இறக்கிப் பழகுதவங்களுக்கு

போன மாசம் அக்கா மவன் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தான், சிபிஎல் (பைலட் வேலைக்கான லைசன்ஸ்) முடிச்சுட்டு ஏர்பஸ் ஏ320 டைப் ரேட்டிங்குக்கு (அந்த ரக வண்டிய ஓட்டுததுக்கான தனிப் பயிற்சி) காத்துக்கிட்டு இருக்கான், வந்ததும் வராததுமா "மாமா மாடிக்கு போவமா"ன்னான். மாடில நம்ம சிமுலேட்டர் கெடக்கு. நான் பைலட்டெல்லாம் கெடையாது, மோட்டார் காயில் கட்டுத கடை வச்சிருக்கேன், ஆனா ஒம்பது வருசமா ராத்திரி கடைய அடைச்சுட்டு வந்து இதுல உக்காந்துதான் தூக்கத்த தொலைக்கேன். பய சென்னைல எடுத்து வாகைக்குளத்துல, அதான் தூத்துக்குடி ஏர்போர்ட்டுல, இறக்குதேன்னு உக்காந்தான். 1,500 அடில லீவர (என்ஜின் பவர கூட்டிக் குறைக்கத கைப்பிடி) கிளைம்ப் பள்ளத்துல போட்டதுதான், அதுக்கப்புறம் ஒன்ற மணிநேரம் அத தொடவே இல்ல, தொட வேண்டிய வேலையும் இல்ல, பவர தன்னால கூட்டிக் குறைக்க ஆட்டோ த்ரஸ்ட் இருக்கு.

50 அடி வரைக்கும் பட்டு மாதிரி வந்தான். 20 அடில பொட்டிக்குள்ள இருந்து "ரிட்டார்ட்... ரிட்டார்ட்"னு குரல், அதாவது பவர குறைன்னு, கூப்பிட ஆரம்பிச்சுது, இவன் மூக்க லேசா தூக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கான், கை லீவர் மேலதான் இருக்கு ஆனா அசையல, வண்டி இறங்காம மெதந்துக்கிட்டே போவுது, என்ஜின் என்1 (முன் விசிறி சுத்துத வேகம், சதவீதத்துல) குறையறதுக்கு பதிலா ஏறுது, பாதி ரன்வேய தின்னுட்டு பெறவு தொட்டுது, தொட்ட பெறவும் றெக்கை மேல ஸ்பாய்லர் (தொட்டதும் எந்திரிச்சு வண்டிய தரையோட அமுக்குத தகடு) எந்திரிக்கல. "என்னல இது"ன்னேன். "அதுவேதான ரிட்டார்ட்னு சொல்லுது மாமா, அப்ப அதுவே குறைச்சிரும்னுல்லா நெனச்சேன்"ங்கான்.

இவன் செஸ்னால 200 மணிநேரம் ஓட்டுனவன் பாத்துக்கிடுங்க. அதுல தரைய நெருங்குனா கை தன்னால பவர பின்னுக்கு இழுக்கும், யாரும் சொல்ல வேண்டாம். அந்த கை என் மாடில ஒன்ற மணிநேரத்துல தூங்கிட்டு. அதனாலதான் இத எழுதுதேன், அந்த கைய தூங்கவிடாம எப்படி வச்சிருக்கதுன்னு நாங்க ரெண்டு பேரும் ஒரு வாரம் உக்காந்து பழகுனது இது. நெஜ வண்டி ஓட்டுதவங்க அவங்க கம்பெனி எஸ்ஓபி (எழுதி வச்ச நடைமுறை) என்ன சொல்லுதோ அதத்தான் செய்யணும், இது வீட்டு சிமுலேட்டர் கோஷ்டிக்கு.

மொதல்ல உங்க லீவர் என்ன ரகம்னு தெரிஞ்சுக்கிடுங்க

மூணு ரகம் இருக்கு. ஏடிஆர் 72ல ஆட்டோ த்ரஸ்ட்டே கெடையாது. வாகைக்குளத்துல முன்ன ரன்வே 1,350 மீட்டர்தான், அதனால ஏடிஆர், க்யூ400 மாதிரி ப்ரொப்பெல்லர் வண்டிங்கதான் வந்துபோவும், நான் தூத்துக்குடி போற வழில பைக்க ஓரங்கட்டிட்டு எத்தனையோ நாள் பாத்திருக்கேன். நல்லா காதக் கொடுத்தா தெரியும், இறங்கி வரும்போது சத்தம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், திரும்ப கூடும். உள்ள ஒருத்தர் கை சும்மா இல்லன்னு அர்த்தம்.

ரெண்டாவது போயிங். 737, 777ல ஆட்டோ த்ராட்டில் இருக்கு, ஆனா அது லீவரையே மோட்டார் வச்சு நகத்தும். கைய மேல வச்சிருந்தா லீவர் முன்ன போறதும் பின்ன வாரதும் உள்ளங்கைல தெரியும்.

மூணாவதுதான் நம்ம விவகாரம், ஏர்பஸ். இதுல ஆட்டோ த்ரஸ்ட் ஓடும்போது லீவர் அசையவே அசையாது. பள்ளம் பள்ளமா எடம் இருக்கும், கீழ இருந்து ரிவர்ஸ், ஐடில் (ஆகக் குறைஞ்ச பவர்), கிளைம்ப், ஃப்ளெக்ஸ் (குறைச்ச டேக் ஆஃப் பவர்), டோகா (முழு பவர்). ஏறும்போது கிளைம்ப் பள்ளத்துல போட்டா தரைகிட்ட வாரவரைக்கும் அங்கனயேதான் கெடக்கும். என்ஜின் ஐடில்ல இருந்தாலும் லீவர் அதே எடம், முக்கிட்டு இருந்தாலும் அதே எடம். இங்கதான் ஒரு சூட்சுமம், இத புரிஞ்சுக்கிட்டா பாதி கெணறு தாண்டுன மாதிரி: ஆட்டோ த்ரஸ்ட் ஓடும்போது லீவர் இருக்க எடம் உச்சவரம்பு மட்டும்தான், "இதுக்கு மேல போவாத"ன்னு சொல்லுத கோடு. ஆட்டோ த்ரஸ்ட்ட அமத்துன அடுத்த நொடி அதே எடம் உத்தரவு ஆயிரும், "இவ்வளவு பவர் குடு". ஒரே லீவர், ஒரே எடம், ரெண்டு அர்த்தம். எந்த அர்த்தம் இப்ப ஓடுதுன்னு லீவரப் பாத்தா தெரியாது.

வீட்டுல வெல கொறஞ்ச த்ராட்டில் வச்சிருக்கவங்களுக்கு பள்ளமே இருக்காது, வழவழன்னு போவும். நான் ஈக்குமாத்துக் குச்சிய ஒரு இஞ்சிக்கு நறுக்கி கிளைம்ப் வார எடத்துலயும் ஐடில் வார எடத்துலயும் ஃபெவிக்விக் போட்டு ஒட்டிட்டேன், லீவர் அதுமேல ஏறி இறங்கும்போது டொக்குன்னு இருக்கும். அசிங்கமாத்தான் இருக்கு, வீட்டுக்காரி பாத்துட்டு தலைல அடிச்சுக்கிட்டா, ஆனா கைக்கு தெரியணும்லா. ஒட்டிட்டு சிமுலேட்டர் செட்டிங்ல போயி அந்தந்த எடத்துக்கு காலிபரேட் பண்ணிருங்க. முக்கியமா ஐடில். ஒரு இழை மேல நின்னுட்டாலும் ஸ்பாய்லர் எந்திரிக்காது, நீங்க பிரேக்க தேய்ச்சுக்கிட்டு கெடப்பீங்க.

இன்னொண்ணு, வாகைக்குளத்துல இப்ப ரன்வே 3,115 மீட்டர், புது டெர்மினல 2025 ஜூலை 26ம் தேதி திறந்தாங்க. ஆனா சிமுலேட்டர்ல உங்க சீனரி பழசா இருந்தா இன்னும் 1,350 மீட்டர்தான் இருக்கும், அதுல போயி ஏ320 இறக்கிட்டு லேண்டிங் தெரியலன்னு மனசு விட்றாதீங்க. மேப்ப பாத்துட்டு எறங்குங்க.

எல்லாத்தையும் அமத்திட்டு கையால இறக்குங்க

நெறைய பேரு மொத நாளே ஆட்டோ த்ரஸ்ட்டோட பழகுதாங்க, அது தலைகீழ். மொத அஞ்சாறு நாள் அது இல்லாம ஓட்டுங்க, அப்பதான் இந்த வண்டிக்கு எவ்வளவு பவர் வேணும்னு ஒரு நம்பர் மண்டைல ஒக்காரும்.

அமத்துததுக்கும் ஒரு முறை இருக்கு. லீவர் கிளைம்ப் பள்ளத்துல கெடக்கும்போது டக்குன்னு லீவர் சைடுல இருக்க ஆட்டோ த்ரஸ்ட் அமத்துத பட்டன அமுக்குனீங்கன்னா, முன்ன சொன்ன மாதிரி உச்சவரம்பு உத்தரவா மாறி, என்ஜின் கிளைம்ப் பவருக்கு பாஞ்சிரும். 1,500 அடில ஃபிளாப்பெல்லாம் (மெதுவா பறக்க றெக்கைல விரியுத தகடு) போட்டுட்டு வாரவனுக்கு அது வந்தா மூக்கு மேல போயி ஸ்பீடு எகிறி நாறிரும். அதனால என்1 வட்டத்துல ஒரு சின்ன நீல உருண்டை தெரியும், நீங்க லீவர எங்க வச்சிருக்கீங்களோ அத காட்டுதது. லீவர மெதுவா பின்னால கொண்டுவந்து அந்த உருண்டைய இப்ப ஓடிட்டு இருக்க என்1 முள்ளோட சேத்து வைங்க. சேந்துச்சா, இப்ப அமுக்குங்க. வண்டிக்கு ஒண்ணுமே தெரியாது. என் மருமவன் இதுக்கே ஒரு சாயங்காலம் எடுத்துக்கிட்டான். பட்டன கொஞ்சம் நேரம் புடிச்சுக்கிட்டே இருக்கப்படாது, 15 செகண்ட் தொடந்து அமுக்குனா அந்த ஃபிளைட் முழுக்க ஆட்டோ த்ரஸ்ட் திரும்ப வராது, அதோட சேத்து ஆல்ஃபா ஃப்ளோர்னு ஒரு காப்பு இருக்கு, ஸ்பீடு ரொம்ப செத்து மூக்கு தூக்கிட்டா தன்னால முழு பவர் குடுக்கது, அதுவும் போயிரும்.

இப்ப கியர் (சக்கரம்) கீழ, ஃபிளாப் ஃபுல்லு, மூணு டிகிரி சரிவு. என்1 50க்கும் 60க்கும் நடுவுல எங்கயோ ஒரு எடத்துல ஸ்பீடு அசையாம நிக்கும், வெயிட்ட பொறுத்து மாறும். அந்த எடத்த கண்டுபிடிச்சு ஒரு தாள்ல எழுதி மானிட்டர்ல ஒட்டிக்கிடுங்க. இறங்குத வேகத்துக்கு ஒரு வாய்ப்பாடு: தரை வேகத்த அஞ்சால பெருக்குங்க. 140 நாட்னா நிமிசத்துக்கு 700 அடி. அதுக்கு மேல போனா சரிவுக்கு கீழ போறீங்க, கம்மின்னா மேல.

ஸ்பீடு டேப்புல (ஸ்கிரீன்ல ஸ்பீட காட்டுத பட்டை) மஞ்ச அம்பு ஒண்ணு ஏறி இறங்கும், இன்னும் 10 செகண்டுல ஸ்பீடு எங்க இருக்கும்னு காட்டுதது. புதுசா பழகுதவங்க ஸ்பீட பாப்பாங்க, நீங்க அம்ப பாருங்க. அம்பு கீழ தொங்குச்சா, லீவர ஒரு நூல் முன்ன தள்ளி நிறுத்தி, பொறுத்து, அம்பு சுருங்குனதும் தள்ளுனதுல பாதிய திரும்ப எடுங்க. இந்த "பாதிய எடுக்கது"தான் எல்லாருக்கும் மறந்துபோவும், அதனாலதான் ஸ்பீடு 130, 150, 128, 155ன்னு ஊஞ்சல் ஆடும். பாபநாசம் ரோட்டுல பஸ் ஓட்டுத பழைய டிரைவர்களப் பாத்திருக்கீங்களா, மேடு வருததுக்கு முன்னயே லேசா ஒரு மிதி, மேட்டு உச்சிக்கு முன்னயே கால எடுத்திருவாங்க. அதே கதைதான்.

என்ஜின் சீக்கிரம் எந்திரிக்காதுங்கறதையும் ஒருதடவ கண்ணால பாத்துருங்க. 3,000 அடில லீவர ஐடில்ல விட்டுட்டு, என்1 நல்லா படுத்த பெறவு டோகாவுக்கு தள்ளி, செகண்ட எண்ணுங்க. ஜெட் என்ஜின் ஐடில்ல இருந்து முழுசா எந்திரிக்க பல செகண்ட் ஆவும், வண்டிக்கு சர்டிஃபிகேட் குடுக்கும்போதே லீவர தள்ளுன 8 செகண்ட் கழிச்சு கெடைக்குத பவர வச்சுத்தான் ஏறுததுக்கு கணக்கு போடுதாங்க. நிமிசத்துக்கு 700 அடி இறங்குதவன் 8 செகண்டுல 90 அடிக்கு மேல கீழ வந்திருப்பான். ஆக 200 அடில ஐடில்ல தொங்கிட்டு வாரவனுக்கு மிச்சம் ஒண்ணும் இல்ல.

1,000 அடிக்குள்ள ஸ்பீடு, ஃபிளாப், கியர், சரிவு, பவர் எல்லாம் செட்டாயிருக்கணும். டார்கெட்டுக்கு மேல 10, கீழ 5, அதுக்குள்ள ஸ்பீடு நிக்கணும். பவர் ஐடில்ல இருந்தா அது செட்டே இல்ல, ஸ்பீடு சரியா இருந்தாலும் சரி. திரும்ப சுத்தி வாங்க.

இப்ப ஆட்டோ த்ரஸ்ட்ட போடுங்க, ஆனா நம்பாதீங்க

சேரன்மாதேவி பக்கம் நமக்கு கொஞ்சம் வயல் உண்டு. கிணத்து மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டுததுக்கு முன்ன, கரண்டு வார நேரத்துக்கு நானே போவேன், சுவிட்ச போட்டுட்டு ஒரு அஞ்சு நிமிசம் நின்னு சத்தத்த கேட்டுட்டு வருவேன். மாட்டுன பெறவு யாரு போவா. கரண்டு வந்தா அதுவே எடுத்துக்கிடும், போனா நின்னுக்கிடும். ஒரு சித்திரைல கிணத்துல தண்ணி ஃபுட்வால்வுக்கு கீழ போயிட்டு, ஸ்டார்ட்டருக்கு என்ன தெரியும், கரண்டு வந்துது, ஓட்டுச்சு, வெறும் காத்த உறிஞ்சிக்கிட்டு ராத்திரி பூரா ஓடிருக்கு. காலைல போனா வார்னிஷ் கருகுன நாத்தம். ஊருக்கெல்லாம் காயில் கட்டுதவன் எம் மோட்டார தூக்கிட்டு எங் கடைக்கே போனேன், கேவலம். ஸ்டார்ட்டர் தப்பு செய்யல, அதுக்கு சொன்ன வேலைய செஞ்சுது. நான்தான் சத்தம் கேக்கத விட்டுட்டேன்.

ஏர்பஸ்ல அந்த சத்தம் எங்க இருக்குன்னா, ஸ்கிரீன் உச்சில எஃப்எம்ஏன்னு ஒரு பட்டை, அதுல இடது ஓரம் மொத கட்டம். அங்க "ஸ்பீடு"ன்னு இருந்தா ஆட்டோ த்ரஸ்ட் உங்க ஸ்பீட காப்பாத்திக்கிட்டு இருக்கு. "த்ரஸ்ட் ஐடில்"னு இருந்தா பவர் ஐடில்ல கெடக்கு, ஸ்பீட மூக்கு பாத்துக்கிடுது. நீங்க மூக்க தூக்கி சரிவ புடிக்கப் பாத்தா ஸ்பீட யாரும் பாக்கல. இத நம்ம நாட்டுலயே பட்டுருக்கோம். 1990 பிப்ரவரி 14, பெங்களூர், இந்தியன் ஏர்லைன்ஸ் 605, ஏ320 நம்மூருக்கு வந்து ஒரு வருசங்கூட ஆவல. இறங்கும்போது வண்டி ஐடில் ஓப்பன் டிசென்ட் மோடுல மாட்டிக்கிட்டு, என்ஜின் ஐடில், ஸ்பீடு கரைஞ்சுக்கிட்டே போயி, ரன்வேக்கு முன்னாடி கோல்ஃப் மைதானத்துல விழுந்துது. 146 பேருல 92 பேரு போயிட்டாங்க. லீவர் என்னமோ இருக்க வேண்டிய எடத்துலதான் இருந்துது.

அதனால நாங்க ஒரு பழக்கம் வச்சோம். அந்த மொத கட்டத்துல எழுத்து மாறுனா வாய்விட்டு படிக்கணும். மனசுக்குள்ள இல்ல, சத்தமா. "ஸ்பீடு", "த்ரஸ்ட் ஐடில்", "த்ரஸ்ட் கிளைம்ப்". மொத நாள் பயலுக்கு வெக்கமா இருந்துது, கீழ இருந்து அக்கா "யாருகூட பேசுதான்"னு கேக்கா. பெறவு பழகிட்டு.

லீவர் நகராததுதான் ஏர்பஸ் பிரச்சனை, போயிங்தான் ஒழுங்குன்னு சண்ட போடுத கோஷ்டி ஒண்ணு உண்டு, நானும் கொஞ்ச நாள் அதுல இருந்தேன். இப்ப இல்ல. 2009 பிப்ரவரி 25 ஆம்ஸ்டர்டாம், டர்கிஷ் 1951, அது போயிங் 737. இடது பக்க ரேடியோ ஆல்டிமீட்டர் கெட்டுப்போயி, வண்டி ஆகாசத்துல இருக்கும்போதே உயரம் மைனஸ் 8 அடின்னு சொல்லிட்டு. ஆட்டோ த்ராட்டில் சரி தரைக்கு வந்தாச்சுபோலன்னு லீவர ஐடிலுக்கு இழுத்துட்டு. மொட்ட மாடி டேங்குல ஃப்ளோட் மேல மாட்டிக்கிட்டா காலி டேங்க நிறைஞ்சதுன்னு நெனச்சு மோட்டார் நிக்கும்லா, அச்சு அசல் அதேதான். லீவர் கண்ணு முன்னால பின்னுக்கு வந்துது, மூணு பேரு உக்காந்திருந்தாங்க, ஸ்பீடு செத்தத நேரத்துல கவனிக்கல. ஸ்டிக் ஷேக்கர் (ஸ்பீடு செத்துட்டுன்னு கைப்பிடிய உலுக்குத எச்சரிக்கை) அடிச்சதும் கோ பைலட் லீவர முன்ன தள்ளுனாரு, கேப்டன் கண்ட்ரோல வாங்குதேன்னதும் கை விலகிட்டு, ஆட்டோ த்ராட்டில் லீவர திரும்ப ஐடிலுக்கே இழுத்துட்டு போயிட்டு. 9 பேரு இறந்தாங்க. நாலு வருசம் கழிச்சு 2013 ஜூலை 6 சான் ஃபிரான்சிஸ்கோ, ஏசியானா 214, போயிங் 777. ஆட்டோ த்ராட்டில் ஹோல்டுங்கற நெலைக்கு போயிட்டு, அதாவது நான் லீவர தொடமாட்டேன் நீ பாத்துக்கோங்கற நெலை, ஓட்டுனவரு அது ஸ்பீட பாத்துக்கிடும்னு இருந்துட்டாரு. 137 நாட் வேண்டிய எடத்துல 100 சொச்சத்துக்கு வந்து கடல் சுவத்துல வால் இடிச்சுது. 3 பேரு இறந்தாங்க. அந்த 2013 ஜனவரிலதான் அமெரிக்க விமானத்துறை எஃப்ஏஏ, பைலட்டுங்க கையால ஓட்டுத பழக்கத்த விடாம வச்சிருங்கன்னு கம்பெனிகளுக்கு அறிக்கை விட்டிருந்துது.

நகந்தாலும் சரி, நகராட்டாலும் சரி, 1,000 அடிக்கு கீழ ஒரு கை சைடு ஸ்டிக் (வண்டிய திருப்புத, மூக்க தூக்குத கைப்பிடி), ஒரு கை லீவர், கண்ணு மூணு எடம் சுத்தணும்: மொத கட்டம், ஸ்பீடு அம்பு, என்1. மவுஸ தொடுதது, கேமரா மாத்துதது எல்லாம் அதுக்கு மேலயே முடிச்சுருங்க.

ஆனி ஆடிக் காத்துல

நம்ம பக்கம் ஆனி ஆடில ஓட்டுனாத்தான் ருசி. செங்கோட்டை கணவா, ஆரல்வாய்மொழி கணவா வழியா மேக்கத்தி காத்து அள்ளிக்கிட்டு வரும், கயத்தாறுல காத்தாடி எல்லாம் பேய் புடிச்ச மாதிரி சுத்தும். வாகைக்குளம் ரன்வே 10/28, கிட்டத்தட்ட கெழக்கு மேக்கு, அதனால 28ல, அதாவது மேக்க பாத்து, இறங்குதவனுக்கு அந்த காத்து பெரும்பாலும் நேரா மூஞ்சில வரும். லைவ் வெதர போட்டுட்டு மன்னார் வளைகுடா மேல சுத்தி உப்பளத்த தாண்டி வாங்க.

இதுல ஏர்பஸ் ஒரு வேல செய்யும், கிரவுண்ட் ஸ்பீடு மினின்னு பேரு. எதுத்த காத்து திடீர்னு கூடுனா டார்கெட் ஸ்பீடையே தன்னால ஏத்திக்கிடும், காத்து விழுந்தா இறக்கிக்கிடும், எவ்வளவு ஏத்தும்ங்கறது வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும். எதுக்குன்னா, கூடுன காத்து திடீர்னு செத்தா ஸ்பீடும் கூடவே விழும்லா, அதுக்கு முன்னயே கைல கொஞ்சம் சேத்து வைக்கது. விசயம் தெரியாதவன் என்ன நெனப்பான்னா, "ஸ்பீடு ஏற்கனவே கூடத்தான இருக்கு, இது ஏன் இன்னும் பவர் போடுது, கிறுக்கா"ன்னுட்டு ஆட்டோ த்ரஸ்ட்ட அமத்துவான், இல்ல மூக்க தூக்குவான். ரெண்டும் வேண்டாம். டார்கெட் முக்கோணம் நகருதத பாருங்க, ஸ்பீடு அது பின்னால போச்சுன்னா விட்டுருங்க.

சில சமயம் அது சோம்பேறியா இருக்கும், ஸ்பீடு விழுந்த பெறவுதான் எந்திரிக்கும். 100 அடிக்கு மேல இருந்தா லீவர கிளைம்ப் பள்ளத்த தாண்டி ஒரு தட்டு தட்டிட்டு உடனே திரும்ப பள்ளத்துல போடுங்க, என்ஜின் முழிச்சுக்கிடும். கீழ வந்த பெறவு அந்த விளையாட்டு வேண்டாம், அங்க அப்படி தாண்டுனா ஆட்டோ த்ரஸ்ட் அமந்துபோவும். அந்த ஆல்ஃபா ஃப்ளோர் காப்பும் 100 அடிக்கு கீழ கெடையாது. கடைசி 100 அடி உங்க கை மட்டும்தான்.

கடைசி 30 அடி

இனி அந்த "ரிட்டார்ட்" பஞ்சாயத்து. கையால இறக்கும்போது 20 அடில அது கூப்பிடுதது ஒரு ஞாபகப்படுத்தல், அவ்வளவுதான். வீட்டுல பெரியவங்க "வெளக்க போடு"ன்னு சொல்லுத மாதிரி, எந்திரிச்சு போடணும்லா. ஆட்டோபைலட்டே இறக்குனா மட்டும் வேற, அப்ப பவர் தன்னால குறையும், 10 அடில கூப்பிடும், அப்பவும் லீவர பின்ன இழுக்கது உங்க வேலைதான். கையால இறக்கும்போது நீங்க இழுக்கலன்னா ஆட்டோ த்ரஸ்ட் இன்னும் ஸ்பீட காப்பாத்திக்கிட்டு இருக்கு, நீங்க ஃபிளேருக்கு (தொடுததுக்கு முன்ன மெதுவா இறங்க) மூக்க தூக்குனா ஸ்பீடு விழும், அது பவர கூட்டும். மருமவனுக்கு என்1 ஏறுனது இதனாலதான். நீங்க இறக்கப் பாக்கீங்க, அது பறக்கப் பாக்கு.

எப்படி இழுக்கதுன்னா, 30 அடில மூக்க லேசா தூக்க ஆரம்பிங்க, 20ல குரல் வரும்போது லீவர கிளைம்ப்ல இருந்து எடுத்து ரெண்டு செகண்டுல வழிச்சாப்புல ஐடிலுக்கு கொண்டுவாங்க, படக்குன்னு இழுத்தா வண்டி தொப்புன்னு விழும். காத்து பலமா இருந்தா கொஞ்சம் தாமதிக்கலாம், அதுக்குள்ள அது நாலஞ்சு தடவ கூப்பிடும், கூப்பிடட்டும். ஆனா சக்கரம் தொடுதப்ப ஐடில் பள்ளத்துல டொக்குன்னு விழுந்திருக்கணும். அந்த டொக்குலதான் ஆட்டோ த்ரஸ்ட் அமரும், ஸ்பாய்லருக்கும் அதான் சாவி.

ரெண்டு லீவரும் சேந்து வரணும், இத ரொம்ப அழுத்தி சொல்லுதேன். 2007 ஜூலை 17, சாவோ பாலோ காங்கோன்யாஸ், டாம் 3054, ஏ320. வலது என்ஜின் ரிவர்சர் (காத்த முன்பக்கம் திருப்பி வண்டிய நிறுத்துதது) வேலை செய்யாதுன்னு முன்னயே பூட்டி வச்சிருந்தாங்க. இறங்குனதும் இடது லீவர் ரிவர்சுக்கு வந்துது, வலது லீவர் கிளைம்ப் பள்ளத்துலயே கெடந்துது. ஒரு என்ஜின் நிறுத்தப் பாக்கு, இன்னொண்ணு தள்ளுது, ஸ்பாய்லரும் எந்திரிக்கல, ஈர ரன்வே. தரைல இருந்தவங்களையும் சேத்து 199 பேரு. வீட்டுல ரெண்டு அச்சு த்ராட்டில் வச்சிருக்கவங்க ஒண்ணு மட்டும் ஒரு இழை மேல நிக்குதான்னு மாசம் ஒருக்கா செக் பண்ணுங்க, பொட்டென்ஷியோமீட்டர் தேய்ஞ்சா அப்படி ஆவும், காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே ஒரு சொட்டு அடிச்சா போதும்.

தொட்ட பெறவு எந்திரிக்கணும்னா

கோ அரவுண்ட் (இறங்குதத விட்டுட்டு திரும்ப ஏறி சுத்தி வாரது) பழகாதவன் லேண்டிங் பழகலன்னுதான் நான் சொல்லுவேன். நம்ம பக்கத்து ஆளுங்க கல்ஃப்புக்கு போறதுன்னா பாதிப்பேரு திருவனந்தபுரத்துல இருந்துதான் ஏறுதாங்க, 2016 ஆகஸ்ட் 3 அங்கருந்து கெளம்புன எமிரேட்ஸ் 521 துபாய்ல இறங்கும்போது காத்து மாறிட்டு, மெதந்துபோயி நீளமா தொட்டுது, சரி சுத்தி வருவோம்னு ஓட்டுனவரு டோகா சுவிட்ச அமுக்குனாரு. 777ல காத்துல இருக்கும்போது அத அமுக்குனா ஆட்டோ த்ராட்டில் லீவர முன்ன தள்ளும். ஆனா சக்கரம் தொட்டாச்சுன்னா அந்த சுவிட்ச் வேலை செய்யாது, அப்படித்தான் வடிவமைச்சிருக்கு. லீவர் ஐடில்லயே கெடக்கு, மூக்கு மேல, கியர மடக்கியாச்சு, என்ஜின பாத்தவங்க யாரும் இல்ல. கடைசி சில செகண்டுல லீவர தள்ளுனாங்க, அதுக்குள்ள வண்டி வயிறு தரைல. உள்ள இருந்த 300 பேரும் பொழச்சுட்டாங்க, தீயணைக்க வந்த ஒருத்தர் இறந்துபோனாரு. ஆயிரம் தடவ சுவிட்ச அமுக்கி லீவர் தன்னால போனத பாத்த கை அது, ஆயிரத்தி ஒண்ணாவது தடவ லீவர் போச்சான்னு தொட்டுப் பாக்கல.

ஏர்பஸ்ல சுவிட்ச் கெடையாது, லீவரையே டோகா பள்ளத்துக்கு முழுசா தள்ளணும், அது ஒரு நல்லது. ஆனாலும் பழக்கம் இதுதான்: தள்ளு, என்1 ஏறுதான்னு பாரு, மொத கட்டத்துல "மேன் டோகா" வந்துதான்னு படி, பெறவுதான் ஃபிளாப்பு, கியரு எல்லாம். பத்து லேண்டிங்குல மூணு கோ அரவுண்ட் போடுங்க, ஒண்ணு 500 அடில, ஒண்ணு 50 அடில, ஒண்ணு சக்கரம் தொட்ட பெறவு. ரிவர்ஸ இழுத்துட்டா மட்டும் எந்திரிக்கக் கூடாது, நின்னுதான் ஆகணும்.

கடைசியா ஒரு விளையாட்டு, இதுக்கு கூட ஒரு ஆள் வேணும். ஓட்டுதவன் 1,200 அடிக்கு வரும்போது பின்னால நிக்குதவன் ஸ்பீக்கர அமத்திட்டு மவுஸ எடுத்து எஃப்சியு பேனல்ல (ஆட்டோபைலட் பட்டனெல்லாம் இருக்க பலகை) இருக்க ஆட்டோ த்ரஸ்ட் பட்டன சத்தம் இல்லாம அமுக்கணும். அந்த பட்டனால அமத்துனா லீவர் கிளைம்ப்ல இருக்கதனால பவர் எந்த எடத்துல இருந்துதோ அங்கனயே ஒறஞ்சு நிக்கும், மொத கட்டத்துல "த்ரஸ்ட் லாக்"னு கண்ண சிமிட்டும், லீவர பள்ளத்துல இருந்து வெளிய எடுத்தாத்தான் விடும். செல்போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டு, எத்தன செகண்டுல கை அசையுதுன்னு பாருங்க. மருமவனுக்கு மொத நாள் 19 செகண்ட் ஆச்சு, அதுக்குள்ள ஸ்பீடு 12 நாட் போயிட்டு. ரெண்டாம் நாள் 8. மூணாம் நாள் 3. நாலாம் நாள் நான் நைசா மவுஸ் பக்கம் கைய கொண்டுபோனேன், திரும்பிக்கூட பாக்காம "மாமா, கை எங்க போவுது"ங்கான்.